புதன்கிழமைகள்

கோடையில் ஃபிரவுன்ஃபெல்டில் கூடும்,
குளிர் தொடங்க வைன்ஃபெல்டனுக்குக் குடிபெயரும்
எங்கள் மாநில மன்றம்.
நூற்று முப்பது பேர்,
புதன்கிழமைகளில்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடையாது என்பார்கள்.
எனக்குக் கிடைத்தது புதன் மட்டும்.

ஒரு பல்வைத்தியர் பதவி விலகினார்.
பட்டியலில் அவருக்கு அடுத்தது நான்.
இரவு வேலை முடித்து
முதியோர் இல்லத்துச் சப்பாத்தோடு வந்து
உறுதிமொழி எடுத்தேன்.
என் பெயரை வாசிக்கத் தலைவர்
மூன்று தரம் மூச்சிழுத்தார்:
நிரஞ்சலா சிவபாதசுந்தரம்.
வாக்குப் பலகையில் இடம் போதாமல்
அது 'சிவபாத'வோடு நின்றது.
ஒன்பது வருடம்
சிவனுடைய பாதமாகவே வாக்களித்தேன்.

கட்சி எல்லையில் என் கதிரை.
எல்லைக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டக்காரர்
கோன்ராட் அம்மான்.
குடும்பப் பெயரே அதுதான்.
"குட் மோர்கன், ஹெர் அம்மான்" என்கிறபோதெல்லாம்
முறை வைத்துக் கூப்பிடுவது போல
எனக்குள் ஒரு சிரிப்பு.
அவருக்கு அதை விளக்கவில்லை.

கோயில் திருவிழாவில் முன்வரிசை தந்தார்கள்.
பூசை முடியுமுன்னே தோளைத் தொட்டு
"தங்கச்சி, அந்த விசா அலுவலை ஒருக்கா..."
அண்ணை, நான் சட்டத்துக்குக் கை உயர்த்துகிறவள்,
முத்திரை குத்துகிறவள் வேறை ஆள்.
"அப்ப நீங்கள் அங்கை என்ன செய்யிறியள்?"
ஃபிரவுன்ஃபெல்டில் எவரும்
இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

என்ன செய்தேன்?
தவளைகள் வீதி கடக்க
அம்ரிஸ்வில் பக்கம் ஒரு வேலி கேட்டேன்.
ஒரு சிவப்பு விளக்கும் எரியவில்லை.
தவளைக்கு எதிரி இந்த மன்றத்தில் இல்லை.

பிறகு மற்றது.
ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை
மொழிபெயர்க்க வைக்கக்கூடாது,
மொழிபெயர்ப்பாளருக்கு அரசு காசு கொடுக்கவேண்டும்.
நான்கு நிமிடம் பேசினேன்:
செலவு, பயன், பக்கத்து மாநிலங்கள்.
பேசாமல் விட்டது இது:
மியூன்ஸ்டர்லிங்கனில், பதினொரு வயதில்,
டொக்டர் சொன்ன ஜெர்மன் சொல் விளங்கியது,
அதற்குத் தமிழ் தெரியவில்லை.
"அம்மா, உங்கட வயித்துக்குள்ள ஒரு வீடு இருக்காம்.
அதை எடுக்கப் போகினமாம்."
அம்மா சிரித்தா.
எனக்கு ஆறுதலாக இருந்தது,
சரியாகச் சொல்லிவிட்டேன் என்று.

ஐம்பத்தெட்டு பச்சை.
அறுபத்தொன்று சிவப்பு.
அம்மானும் சிவப்புத்தான்.
இடைவேளையில் ஒரு ஆப்பிளைச்
சட்டையில் துடைத்துத் தந்தார்.
கோபத்தோடு கடித்தேன்.
நல்ல ஆப்பிள்.

அடுத்த வருடம் கோரிக்கையை மெலிய வைத்துத்
திரும்பக் கொண்டுபோனேன்.
'ஆராயப்படும்' என்றது அரசு.
மூன்று வருடம் ஆராய்ந்து
பதினான்கு பக்கம் வந்தது.
'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று தலைவர் வாசித்து
அடுத்த பொருளுக்குப் போனார்,
அது நாய்வரி.

இங்கத்தைய வாக்குச்சீட்டில்
பிடித்த பெயரை இரண்டு தரம் எழுதலாம்,
பிடிக்காததைக் கோடு போட்டு வெட்டலாம்.
கடைசித் தேர்தலில் ரோமன்ஸ்ஹோர்னில்
அளவுகோல் வைத்து வெட்டியிருந்தார்களாம்,
எண்ணப்போன பெடியன் சொன்னான்.
அர்போனில் ஒரு சீட்டில் மட்டும்
நடுங்கிய கையெழுத்தில் என் முழுப்பெயர்
இரண்டு தரம்,
எழுத்துப்பிழை இல்லாமல்.
இல்லத்து ஃபிராவ் ஸ்டாஹரா?
கேட்கக்கூடாது. கேட்கவில்லை.
முப்பத்தேழு வாக்கில் தோற்றேன்.

இப்போதும் புதன்கிழமை
ஐந்தரைக்கே விழிப்பு வருகிறது.

போன மாதம் கணவரின் சிறுநீரகக் கல்லோடு
மியூன்ஸ்டர்லிங்கன் போனோம்.
அவசரப் பிரிவுச் சுவரில்,
கை கழுவும் விதிகளுக்குக் கீழே,
மூலை கிழிந்த ஒரு தாள்:
மொழிபெயர்ப்புக்குத் தொலைபேசி இலக்கம்,
பதினாறு மொழி.
நாலாவது தமிழ்.
யார் ஒட்டினது என்று தாதியிடம் கேட்டேன்.
"அதுவா? எப்பவும் இருக்குதே" என்றாள்.

கணவர் முனகிக்கொண்டிருந்தார்.
நான் அந்த இலக்கத்தை அழுத்தினேன்.
ஒரு பெண்குரல்,
யாழ்ப்பாணத்துத் தமிழ்,
கொஞ்சம் தடிமன் பிடித்த குரல்:
"வணக்கம், சொல்லுங்கோ,
ஆருக்குச் சுகமில்லை?"