ஐந்தாவது சில்லு

நான்கு லாரிக்கு வாங்கிய வரைபடம்
இரண்டாம் திருப்பத்திலேயே பொய்த்துவிட்டது.
தெரு என்று அச்சிட்ட இடத்தில் படிக்கட்டு.
படிக்கட்டு என்ற இடத்தில்
யாருடையவோ ஈரக் கால்சட்டைகள், வரிசையாக.
மடித்துப் பையில் வைத்தேன்.
அதற்குப் பிறகு கால்கள் பார்த்துக்கொண்டன.

திபிலிசியின் பழைய பகுதி, சோலோலாக்கி,
மேடேறிக்கொண்டே போகிறது.
மரப் பால்கனிகள் அந்தரத்தில் நிற்கின்றன.
ஒன்றில் திராட்சைக் கொடி,
ஒன்றில் கதவில்லாத ஃபிரிட்ஜ்,
ஒன்றில் பனியனோடு புகைக்கும் ஒருவர்.
கீழே அவர் பார்ப்பதே இல்லை.
அண்ணாந்த கழுத்துகள் அவருக்குப் புதிதா என்ன?

ரொட்டிக்கடை நிலவறையிலிருந்து வெக்கை
கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது.
அடுத்த வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது.
தள்ளிப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்
என்று விடுதிப் பையன் சொல்லியிருந்தான்.
தள்ளினேன்.

முதலில் இருட்டு.
பிறகு பூனை வாடை.
பிறகு, கண் பழகப் பழக,
கூரையில் ஒரு நீலம்.
விருந்தாளிகள் தொப்பியைக் கழற்றும்போது
வாய் பிளக்கட்டும் என்று
எந்த வியாபாரியோ காசு கொடுத்து வரையவைத்த வானம்.
மூலைக்கொரு பெண்ணாக நால்வர்.
மூவருக்கு முகம் உதிர்ந்துவிட்டது.
நான்காமவளின் மூக்கின்மேல் மின்கம்பி போகிறது.

கேமராவை உயர்த்தினேன்.
பின்னால் 'டிக்' என்று விளக்கு எரிந்தது.
இரு கைகளிலும் கத்தரிக்காய்ப் பைகளோடு ஒரு பெண்.
எனக்குத் தெரிந்த ஒரே ஜார்ஜியச் சொல்லைச் சொன்னேன்:
கமர்ஜோபா.
இந்த ஊர் வணக்கம். உள்ளே வெற்றி என்ற பொருள் இருக்கிறதாம்.
சிரித்தாள்.
ஒரு பையை என் கையில் மாட்டினாள்.

லிஃப்ட், காசு போட்டால்தான் நகரும் பழைய பெட்டி,
அவளுடைய இருபது தெத்ரியை விழுங்கிவிட்டு
சும்மா நின்றது.
ஏறினோம்.
பெயர் நாதெலா.
மகளிடம் கற்ற பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்,
மீதிக்குக் கைகள்.

மூன்றாம் மாடியில் சுவர் பிளந்திருந்தது.
என் முஷ்டி நுழையும்.
பிளவின் குறுக்கே, இருபுறமும் சுண்ணம் அப்பி,
விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு.
பக்கத்தில் பென்சிலில் தேதி.
அதன் கீழே இன்னொன்று, உடைந்தது.
அதன் கீழே, அதன் கீழே.
நான்கு தேதிகள், நான்கு உடைசல்கள்.
உள்ளங்கைகளைச் சேர்த்து
மெல்லப் பிரித்துக் காட்டினாள்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி தாங்காது.
நகராட்சி ஆள் வருவான், ஒட்டுவான், எழுதுவான்,
போய்விடுவான்.

ஐந்தாவது முழுசாக இருந்தது.
சாவியை எடுக்குமுன்
அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்,
பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல.

போன ஞாயிறு ஒரு மணப்பெண் வந்தாளாம்,
புகைப்படக்காரர், குடைவிளக்கு, தோழிகள் எட்டுப் பேர்.
படியில் குதிக்கச் சொல்லி எடுத்தார்களாம்.
மறுநாள் துடைப்பத்தோடு இறங்கியபோது
முறம் நிறைய நீலம்.
இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபமில்லை.
இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மன்னிக்கச் சொல்லும் முகத்தோடு
கேமராவைப் பையில் வைக்கப் போனேன்.
கையைப் பிடித்தாள்.
மேலே இருப்பதை எல்லோரும் எடுக்கிறார்கள்,
இதை எடு.
சில்லு தெரியவேண்டும், தேதி தெரியவேண்டும்,
அளவுக்கு உன் கை தெரியவேண்டும்.
வெளியூர்க் கை இருந்தால்
அலுவலகத்தில் இரண்டாவது முறை பார்ப்பார்கள்.
வைத்தேன்.
என் நகத்தில் இன்னும் காலையில் தின்ற ஆப்பிக்காட் பிசுபிசுப்பு.
ஏழு படங்கள். அவள் எண்ணுக்கு அனுப்பினேன்.
பச்சை நிறத்தில், புல் ருசியில் ஒரு சோடா தந்தாள்.
இறங்கும்போது கைப்பிடியில் சாய்ந்து
கால்களின் எடையைக் குறைக்க முயன்றேன்.
அப்படி ஒன்றும் குறையாது.

ஊர் திரும்பி எட்டு வாரம்.
நேற்று அவள் எண்ணிலிருந்து ஒரு படம்:
சுவர், சுண்ணம், புதுப் பென்சில் தேதி,
ஆறாவது சில்லு.
சொல் ஏதும் இல்லை.

பதிலுக்கு
எனக்குத் தெரிந்த அந்த ஒரே சொல்லைத் தட்டினேன்.
அதன் பொருள் நினைவுக்கு வந்து
விரல் அப்படியே நின்றது.