பதினாறாம் கேள்வி

ஆல்ஃபா, பூஜ்யம் புள்ளி ஆறு எட்டு.
ஏழைத் தொடவேண்டும் என்கிறது புத்தகம்.
இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்
எண் இரக்கப்படும் என்பதுபோல.

நூற்றுப் பன்னிரண்டு பேர்.
சுருளகோட்டிலிருந்து கடையாலுமூடு வரை
ஸ்கூட்டரில் அலைந்து,
ரப்பர் ஷீட் நாறும் முற்றங்களில் உட்கார்ந்து கேட்டது.
மனச்சோர்வு அளவுகோல். இருபத்தொரு கேள்வி.
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை.
சென்னையில் யாரோ மொழிபெயர்த்தது.
"தூக்கம் எப்படி?" என்று முதல் நாள் வாசித்தபோது
சுகுமாரி கொல்லங்கோட்டு நேர்ச்சையைச் சொன்னாள்,
மகனுக்குத் தூக்கம் நடத்திய வருஷத்தை,
அன்றைய கூட்டத்தை, தொலைந்த செருப்பை.
அன்றிலிருந்து 'ஒறக்கம்' என்று
பேனாவால் நானே திருத்திக்கொண்டேன்.
வழிகாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

எந்தக் கேள்வி மற்றவற்றோடு சேரவில்லை என்று
கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு.
அதற்குத் தமிழில் ஒட்டுறவு என்று பெயர்.
வைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.
புள்ளியியலில் நான் பயப்படாமல் படித்த முதல் சொல்.
ஒன்று ஏற ஒன்று ஏறினால் உறவு.
ஒன்று ஏற ஒன்று இறங்கினாலும் உறவுதான்,
எங்கள் அக்காவும் அத்தானும் போல.

அட்டவணையைக் கீழே இழுக்கிறேன்.
அழுகை ஒட்டுகிறது. குற்றவுணர்வு ஒட்டுகிறது.
பசி சுமாராக.
பதினாறு மட்டும்
சிரட்டைக்கு வெளியே சொட்டிய பால் மாதிரி
தனியே காய்ந்து கிடக்கிறது.
மைனஸ் பூஜ்யம் புள்ளி இரண்டு.

'வழக்கமாக விடியுமுன்பே விழித்துவிடுகிறீர்களா?
பிறகு ஒறக்கம் வருவதில்லையா?'

மூன்று. மூன்று. மூன்று. மூன்று.
திரை முழுக்க மூன்று.

தனியறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பால்வெட்டுகிறவர்களிடம் போய்
விடியுமுன் விழிப்பீர்களா என்று கேட்டிருக்கிறேன்.
மூன்று மணிக்கு எழும்பி, நெற்றியில் விளக்கைக் கட்டி,
முந்நூறு மரத்துக்கும் கீறல் போட்டு
வெயில் ஏறுமுன் முடிக்கிறவர்களிடம்.
"பின்ன எழும்பாம? மரம் எறங்கி வீட்டுக்கு வருமா?"
என்ற ஞானசிகாமணிக்கும்
மூன்று போட்டு வைத்திருக்கிறேன்,
நல்ல மாணவியாக.

அந்தக் கேள்வியை நீக்கினால் எழுபத்தொன்று.
நிரலே சொல்கிறது. ஒரே சொடுக்கு.
குலசேகரத்தில் கரண்டு போவதற்குள்
நான்காம் அத்தியாயத்தை மூடிவிடலாம்.

ஆனால் அந்தப் பத்தியில் ஏழு பூஜ்யங்கள் இருக்கின்றன.

நான்கு பேர் புகைப்புரையில் வேலை.
எட்டு மணிக்குப் போனால் போதும்.
ஒருத்தி பேறுகாலத்துக்கு வந்திருந்தவள்.
ஒருவருக்குக் கை முறிந்து மாவுக்கட்டு.
மிச்சம் ஒன்று.
வரிசை எண் எண்பத்தெட்டு, ஆண், முப்பத்தொன்பது.

பெயர் எழுதக்கூடாது என்பது விதி.
முகம் எழுதாமலே வருகிறது.
களியலில், இறக்கத்தில், பச்சைக் கதவு.
நெற்றி விளக்கை வைத்து
அவர் பையன் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தான்.
வெட்டுக்கத்தி ஓட்டிடுக்கில் துருவேறி இருந்தது.
"ஒறக்கத்துக்கு ஒரு கொறவும் இல்ல பிள்ளே,"
என்றார் அவர்.
"வெட்டுக்கு எழும்பியே கொறே மாசம் ஆச்சு."
மனைவி சட்டென்று அடுக்களைக்குள் போனாள்.
நான் பூஜ்யம் போட்டேன்.
நூறு பேருக்குப் பிறகாவது ஒருவர்
நன்றாக ஒறங்குகிறாரே என்று
சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

மொத்தம் பதினெட்டு.
மருத்துவமனைக்கு எழுதிக்கொடுக்கும் கோடு இருபதில்.
அவரைக் கோட்டுக்குக் கீழே நிறுத்தியது
அந்த ஒறக்கம்.

நாளை நீக்கத்தான் போகிறேன், வேறு வழியில்லை.
அடிக்குறிப்பு ஒன்று எழுதவேண்டும்:
இந்த ஊரில் விழிப்பு நோயின் குறி அல்ல என்று.
அதைவிட நீளமாக வழிகாட்டி விடமாட்டார்.

கரண்டு போய்விட்டது.
மலைச்சரிவில் இப்போதுதான் ஒன்றிரண்டாக
விளக்குகள் அசையத் தொடங்குகின்றன.
நானும் விழித்துத்தான் இருக்கிறேன், மூன்று.

களியலுக்குப் போகவேண்டும்,
எந்தப் படிவமும் இல்லாமல்.
ஒன்பதுக்கு மேல் போனால் போதும்.
அதற்குமுன் அவர் எழும்பியிருக்கமாட்டார்.