அங்குசம்

மூவாயிரத்து இருநூறு என்றாள் மைதே.
இரண்டாயிரத்து எண்ணூறு என்றேன்.
எல்கோவுக்கு வடக்கே, அவளுடைய ஆட்டுப்பட்டி வாசலில்
மார்ச் மாதச் சேறு
இருவர் பூட்ஸிலும் ஒரே உயரத்துக்கு ஏறியிருந்தது.
நடுவே நின்றது எழுபத்து நான்காம் வருட லேண்ட் க்ரூஸர்,
காய்ந்த கடுகு நிறம்,
இடப்பக்கக் கதவில் கிடா முட்டிய பள்ளம்.

குனிந்து குனிந்து குறை தேடினேன்.
ஆசைப்பட்டுவிட்டவன் வேறென்ன செய்வான்.
டயர் மொட்டை என்றேன்.
ஹீட்டர் ஊதுகிறது, சூடு எங்கே என்றேன்.
காலடித் தகரம் அரித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை;
ஓட்டிப் பார்க்கையில் அதன் வழியே
நெவாடா ஓடிக்கொண்டிருந்தது,
சரளை, பனித்திட்டு, புதர், மறுபடி சரளை.
"தரை தெரிகிறதே" என்றேன்.
"நல்லதுதானே" என்றாள்,
"எங்கே போகிறாய் என்று தெரியும்."

நானூறு டாலருக்காக வெறுங்கையோடு திரும்பினேன்.
வெறுங்கை என்று நினைத்தேன்.
வெல்ஸ் பெட்ரோல் நிலையத்தில் காசெடுக்கக் கைவிட்டால்
கோட்டுப் பைக்குள் கியர் குமிழ்.
மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளும்போது
கையோடு வந்ததைப்
பேரம் பேசும் சுவாரசியத்தில் பைக்குள் போட்டிருக்கிறேன்.
கறுப்பு. கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறிது.
மேலே எழுதியிருந்ததில் நான்கு மட்டும் மிச்சம்.
மற்ற மூன்றையும் அவள் உள்ளங்கை தின்றிருந்தது.

நாலு நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தாள்.
ரீனோவிலிருந்து ஒரு பல் வைத்தியர்,
கேட்டதற்கு மேல் நூறு கொடுத்து,
கம்பியில் துணி சுற்றிக்கொண்டு ஓட்டிப்போனாராம்.
"குமிழை நீயே வைத்துக்கொள்.
எதையாவது மாற்றிக்கொண்டிரு."

அதற்குப் பிறகுதான் விலை மலையேறத் தொடங்கியது,
லோ ரேஞ்சில் போட்டதுபோல்,
அவசரமில்லாமல், ஓரடி வழுக்காமல்.
பல் வைத்தியர் ஒன்பதாயிரத்துக்குக் கைமாற்றினார்.
பாய்ஸியில் ஒருவர் இருபத்தெட்டாயிரத்துக்கு வாங்கி
ஆணி ஆணியாகப் பிரித்தார்.
சனிக்கிழமைகளில் லோவெல், ஆர்லிஸ், நான்,
ஆளுக்கொரு ஓடாத வண்டிக்குச் சொந்தக்காரர்கள்,
முன்பெல்லாம் ஆக்ஸில் பேசுவோம், கார்புரேட்டர் பேசுவோம்.
இப்போது தொகை பேசுகிறோம்,
அடுத்த வீட்டு நோயைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி.
ஆர்லிஸ் கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறான்.
உள்ளே எஞ்சின் இல்லாத ஸ்கவுட்,
அதில் குடியிருக்கும் எலிகளுக்கே பேரன் பேத்தி எடுத்தாயிற்று.

போன ஜனவரியில் ஸ்காட்ஸ்டேல் ஏலம்.
பார்த்ததும் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான்.
தெரியவில்லை.
பழைய நோட்டில் குறித்துவைத்த சட்ட எண்தான் காட்டிக்கொடுத்தது.
நாரை முட்டை நீலம். கிடாவின் பள்ளம் போன இடம் இல்லை.
ஓட்டை இருந்த இடத்தில் கம்பளம்;
பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் போலிருந்தது.
குமிழ் புத்தம் புதிது, நான்கு எண்ணும் பளிச்சென்று.
எண்பத்தாறாயிரத்தில் சுத்தியல் விழுந்தது.
என் பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
விற்றவரா விட்டவரா, கேட்கவில்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.
வாங்கியவர் ஹூஸ்டனில் கூரை போடும் தொழில், பெயர் ட்ரெவினோ.
கை குலுக்கும்போது குமிழைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.
படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

அது என் மேசையில்
கட்டாத மின்கட்டண ரசீதுகளை அழுத்திக்கொண்டிருக்கிறது.
கொரின் தூங்கிய பிறகு சில இரவுகளில் அதைப் பிடித்து
ஒன்று. இரண்டு. கொஞ்சம் தயங்கி, மூன்று.
மேசை அசைவதில்லை.
ஆனால் கால் கட்டைவிரலோரம்
எங்கிருந்தோ குளிர்காற்று ஏறுகிறது.

நேற்று ட்ரெவினோ அழைத்தார்.
அசல் குமிழ் வந்தால் வண்டி முழுமையாகுமாம்.
முந்நூற்றைம்பது என்றார்.
நானூறு என்றேன்.
அந்தப் பக்கம் சற்று மௌனம்,
குனிந்து குறை தேடும் மௌனம், எனக்குத் தெரியாதா.
"ரொம்பத் தேய்ந்திருக்கிறதே" என்றார்,
"எந்தக் கியர் எங்கே என்றே தெரியவில்லை."

நல்லதுதானே, என்றேன்.