குளிர்காலச் சேர்க்கை

மூன்று கையேடுகள்.
மூன்றிலும் ஒரே பெண்தான் சிரிக்கிறாள் என்கிறான் கதிரேசன்.
உற்றுப் பார்த்தால் உண்மைதான்,
தொப்பி மட்டும் வேறு.

நீஸ்: கடலோரம், ஜூன், நான்கு வாரம்.
தூர்: சுத்தமான உச்சரிப்பாம், ஆற்றங்கரை,
திராட்சைத் தோட்டத்துக்கு ஒருநாள் உலா.
ஸ்ட்ராஸ்பூர்: ஜனவரி. விலை குறைவு.
படத்தில்கூட யாரும் கையுறையைக் கழற்றவில்லை.

செங்காங் காப்பிக்கடை.
தே ஓ கோசோங் வட்டம் பதிந்த மேசையில்
அவற்றை விரித்திருக்கிறோம்.
தலைக்கு மேல் எல்ஆர்டி போகிறது, இரண்டே பெட்டி.
அவன் கைப்பேசியில் யூரோவை வெள்ளியாக்குகிறான்,
வெள்ளியை என் விடுப்பு நாட்களால் வகுக்கிறான்.
பேருந்து ஓட்டுபவன், நிமிடக் கணக்கில் வாழ்பவன்.
"மொழியில மூழ்கிப் படிக்கலாம்னு போட்டிருக்கான்.
உனக்கு நீச்சலே தெரியாதே."

ஏன் பிரெஞ்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம்
ஆளுக்கொரு பதில் கொடுத்திருக்கிறேன்.
மேலாளர் மேடம் கோவிடம், மூளைக்கு நல்லது.
அக்காவிடம், சும்மா கிடக்கும் பயிற்சிக் காசு வீணாகப் போகிறது.
சுஹைலாவிடம், சும்மா.

சும்மா இல்லை.

ஜூரோங் மருந்தகத்தில் அன்று எனக்கு இரவுப் பணி.
கப்பலிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள்,
டோகோ நாட்டவர், காய்ச்சல் முப்பத்தொன்பதரை.
ஃப்ருவா என்றார். ஃப்ருவா, ஃப்ருவா.
தமிழ், ஆங்கிலம், மலாய், சந்தை அளவு ஹொக்கியன்,
எதிலும் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.
புழுங்குகிறது என்கிறார் போலும் என்று
குளிர்சாதனத்தைப் பதினெட்டில் வைத்தேன்.
நெற்றியில் ஐஸ் பை.
இரண்டு கைகளையும் நெஞ்சருகே சேர்த்துக்கொண்டார்.
நன்றி சொல்கிறார் என்று நினைத்துத் தலையசைத்தேன்.

பிழைத்துவிட்டார். கப்பல் போய்விட்டது.
எழுதத் தெரியாத சொல்லை
எந்த அகராதியில் தேடுவது?

பூகிஸில் மாலை வகுப்பு. ஆறாவது பாடம், வானிலை.
ஆசிரியர் தோள்களைக் குறுக்கினார்,
கைகளை நெஞ்சருகே சேர்த்தார்,
குளிர்கிறது என்றார்.
என்னைத் தவிர எல்லோரும்
சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள்.

அதன் பிறகும் படித்தேன். நன்றாகவே படித்தேன்.
மேசை எப்படிப் பெண்பாலாகும் என்று சண்டை போட்டேன்,
எங்கள் மேசை அஃறிணை, அது தன்பாட்டுக்கு நிற்கும்.
நீயும் நீங்களும் அவர்களிடமும் இருந்தன.
பகலெல்லாம் ஒற்றை யூவிலேயே
டாக்டரையும் துப்புரவாளரையும் அழைத்துக் களைத்தவளுக்கு
அது காலணியைக் கழற்றியது போலிருந்தது.
மூக்கால் வரும் அந்த ஒலி
உங்களுக்கு மட்டும் எப்படி உடனே வந்தது என்றார் ஆசிரியர்.
மரம், பணம், வேணும், போதும்.
உதட்டை மூடாமலே நாங்கள் முடித்துவிடும் சொற்கள்.
வீட்டில் பேசுவது அப்படித்தான் என்றேன்.
அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம், தாய்மொழி.
அடுத்த கட்டம், பூனை இருக்கும் வீட்டில் தங்கச் சம்மதமா.
இரண்டுக்கும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.
ஊர்தான் பாக்கி.

"நீஸ்தானே?" என்கிறான்.
"சினிமாவுக்கே சால்வை எடுத்துவர்ற ஆள் நீ."

ஸ்ட்ராஸ்பூர் மேல் விரலை வைக்கிறேன்.
ஜனவரியிலா என்கிறான்.
விலை குறைவு என்கிறேன்.
இவனுக்கும் ஒரு பதில்.

ஏதோ ஒரு ட்ராம் நிறுத்தம் இருக்கும் அங்கே.
கையுறையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்,
அந்தச் சொல் தானாக வாய்க்கு வரும்வரை.
பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவருக்கு
அது புரிய வேண்டும்.

விசிறி சுற்றுகிறது, வேர்வை காயவில்லை.
கதிரேசன் ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதுகிறான்:
கம்பளிக் காலுறை, இரண்டு ஜோடி.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு
இரண்டை அடித்து
நான்கு என்று திருத்துகிறான்.