உறை

கருப்பையை எடுத்தார்கள்.
பதிலுக்கு ஒரு பை கொடுத்தார்கள்,
கட்டில் கம்பியில் தொங்குவது,
ஐம்பது ஐம்பதாகக் கோடு போட்டது.
இரண்டு நாளாக அது காலி.

"தண்ணி குடிக்கலியா?" என்கிறார் தனபாலன்,
டர்பன் துறைமுகச் சர்க்கரைக் கிடங்கில்
ராத்திரி ஷிப்ட் முடித்து,
காலணியில் பழுப்புத் துகளோடு.
குடித்ததெல்லாம் கணுக்காலில் இருக்கிறது.
இமையில் இருக்கிறது.
மோதிரத்தை சோப்புப் போட்டுக் கழற்றி
அவர் சட்டைப்பையில் போட்டாயிற்று.

ஊசி குத்திய இடமெல்லாம் கசிகிறது.
பல் தேய்த்தால் தொட்டி சிவக்கிறது.
அதே ரத்தம்
இடது கெண்டைக்காலில் கட்டிக்கொண்டதாம்.
வேண்டிய இடத்தில் உறையாது,
வேண்டாத இடத்தில் உறையும்:
என் சின்னக் கொழுந்தன் செலவழிக்கிற மாதிரி.

நள்ளிரவு மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
சிஸ்டர் ஸனேலே அசையவில்லை.
கண்ணாடிக் குழாயில் என் ரத்தம்;
உள்ளங்கைச் சூட்டில் பொத்திக்கொண்டு
கைக்கடிகாரம் பார்க்கிறாள்.
ஐந்து நிமிடம். சாய்த்தாள். ஓடியது.
ஏழு. சாய்த்தாள். ஓடியது.
பத்து.

சாட்ஸ்வொர்த்தில், ஜூலைக் குளிரில்,
பால் சட்டியைக் கம்பளிச் சால்வையில் சுற்றி
அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பேன்.
விடிந்ததும் லேசாகச் சாய்த்துப் பார்ப்பேன்,
இதே மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பன்னிரண்டு.
ஜூலுவில் ஏதோ சொன்னாள்,
குழாயிடமா என்னிடமா தெரியவில்லை.

பிறகு யார் யாருடையதோ வந்தது,
வைக்கோல் நிறத்தில்,
பனியாய் இருந்து உருகி.
ஒரு சட்டிப் பாலுக்குப்
பிறத்தியார் வீட்டுப் பிரை.

கழுத்தில் குழாய் செருகி
இயந்திரம் என்னை நாலு மணி நேரம்
அலசித் திருப்பி ஊற்றும்,
ஒன்றுவிட்டு ஒருநாள்.
வாழைப்பழம் கூடாது. உப்பு கூடாது.
பார்க்க வந்த பூங்காவனம்
"ரெண்டு பெத்தாச்சே, அந்தப் பை எதுக்கு" என்று
ஆறுதல் சொன்னாள்.
எல்லோரும் கருப்பைக்கே துக்கம் கேட்கிறார்கள்.
முதுகுப்பக்கம் இரண்டு பேர்
பேச்சுமூச்சில்லாமல் கிடப்பதை
ஒருத்தரும் விசாரிக்கவில்லை.
இவர்களுக்குத் தாலாட்டு கிடையாது,
சீமந்தம் கிடையாது.

பத்தொன்பதாம் நாள்
குழாயில் மஞ்சளாய் ஏதோ நகர்ந்தது.
நின்றது.
மறுபடி நகர்ந்தது.

தனபாலன் குனிந்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
கோட்டை வாசித்தார். இறக்கி, மறுபடி வாசித்தார்.
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
பிறகு போனை எடுத்து,
கப்பலுக்கு ஏற்றிய டன் கணக்கைச் சொல்லும் குரலில்,
யாரிடமோ:
"முப்பது.
ஆமா, முப்பது மில்லி."