முப்பது லீட்டர்

பட்டிப்பொலையில் எவரோ ஜன்னலைத் திறந்ததும்
சண்டைக்கு எழுந்தேன்.
"கைக்குழந்தையா?" என்றாள் எதிர்சீட்டுப் பெண்.
சுவெட்டரை விலக்கிக் காட்டினேன்:
பொலித்தீன் பையில் இரண்டு அப்பிஸ்டோ,
ஆணுக்கு வாலில் நெருப்பு,
பெண் வெறும் சாம்பல்.
அவளே எழுந்து
ஜன்னலை மூடினாள்.

புது மீனை நேரே தொட்டியில் விடாதே என்பது
ஒருமுறை பதினொரு மீனைப் புதைத்து
நான் படித்த பாடம்.
ஆகவே அப்புத்தளையில், எங்கள் குளியலறை மூலையில்,
நீலப் பேசின், முப்பது லீட்டர், ஒரு ஹீட்டர்,
ஒளிந்துகொள்ள உடைந்த பூச்சட்டி.
மணல் இல்லை, செடி இல்லை.
கழிவு கண்ணில் படவேண்டும்.

நான்காம் நாள் பட்டது.
ஆணின் பின்னால் வெள்ளை நூல்,
தைத்து முடித்து அறுக்க மறந்தது போல.
புழுவை வாயில் எடுத்தான், துப்பினான்.
மறுபடி எடுத்தான்.
துப்பினான்.

நிஸ்தார் நானாவின் பாமசியில்
மெட்ரோனிடசோல் கேட்டேன்.
"யாருக்கு?"
"வீட்டில் ஒருத்தருக்கு."
"வயசு?"
"நாலு மாசம் இருக்கும்."
"நிறை?"
"ரெண்டு கிராம்."
பேனாவை மூடிவிட்டு
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
ஆறு மாத்திரை எண்ணி உறையிலிட்டு
வழக்கம்போல எழுதினார்:
சாப்பாட்டுக்குப் பின்.

இருநூறு மில்லிகிராம், பேசினுக்கு ஒன்று.
வதனியின் மிளகு உரலில் பொடித்தேன்.
"இனி அதுல ரசம் வைக்க மாட்டேன்" என்றாள்.
விளக்கை அணைத்து
வெப்பத்தை இருபத்தொன்பதுக்கு ஏற்றினேன்.
வெளியே பதின்மூன்று.

அன்றிரவே கரண்ட் போனது.
மின்சார சபைக்கு மீட்டர் வாசிக்கிறவன் நான்.
ஊரெல்லாம் எனக்குத்தான் கோல் எடுத்தது.
"லைன்ல மரம் விழுந்திருக்கும், எனக்கென்ன தெரியும்"
என்று சொல்லிச் சொல்லியே
கேஸ் அடுப்பில் கேத்தலை வைத்தேன்.
சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் அடைத்து
பேசினில் மிதக்கவிட்டேன்.
டோர்ச் வெளிச்சத்தில் தெர்மாமீட்டர்:
இருபத்தாறு. இருபத்தைந்தரை.
வதனி தன் கம்பளியைக் கொண்டுவந்து
பேசினைச் சுற்றிக் கட்டினாள்.
"என் முழங்கால் வலிக்கு இப்படி ஒருநாள்
முழிச்சிருக்கீங்களா?"
பதில் சொல்லவில்லை. குவளையில் தண்ணீர் மோந்து
உயரத்திலிருந்து ஊற்றினேன்,
மீனுக்கு மூச்சு வேண்டுமே,
தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரி,
விடியும்வரை.

மூன்று தரம் மருந்து. மூன்று தரம் தண்ணீர் மாற்றல்.
நூல் பழுப்பானது, துண்டானது, பிறகு
ஒரு புழுவை விழுங்கினான்,
விழுங்கியதை உள்ளேயே வைத்துக்கொண்டான்.
குளியலறையில் தனியாக நின்று
கை தட்டினேன்.

பதினோராம் நாள் காலை
பூச்சட்டிக்குள் பெண் பக்கவாட்டில் கிடந்தாள்.
நூல் இல்லை. புள்ளி இல்லை. வீக்கம் இல்லை.
குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன்.
மீட்டர் எண்களைப் போல ஒழுங்காக
பத்து நாளும் ஆண், ஆண், ஆண்.
அவளைப் பற்றி ஒரே வரி, இரண்டாம் நாள்:
பெண் பரவாயில்லை.

முட்டைக் காலத்தில் மஞ்சளாவாள் என்று
கடைக்காரர் சொல்லியிருந்தார்.
நான் பார்க்கவில்லை.

வதனி வந்து குந்தியிருந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கம்பளியின் ஈரத்தைப் பிழிந்தாள்,
சுவரைப் பிடித்து எழும்பினாள்,
எழும்புவதற்கு நேரமெடுத்தது.

பின்னேரம் நானாவிடம் போனேன்.
"மீன்?"
"ஒண்ணு தப்பிடுச்சி."
"இப்ப யாருக்கு?"
முழங்கால் வலிக்கு, என்றேன். வீட்டில்.
அவர் பேனாவைத் திறந்தார்.
"எந்தக் கால்? எவ்வளவு நாளா?"

எனக்குப் பின்னால் வரிசையில்
யாரோ இருமினார்கள்.
நானா பேனாவோடு
காத்துக்கொண்டிருந்தார்.