வாடகைக்கு ஒரு கடல்

நோகுதூலா என்றால் ஜூலு மொழியில் அமைதியாம்.
டர்பனில் வண்டியை எடுத்ததிலிருந்து
அவள் வாய் ஓயவில்லை.
"சத்தமே இல்லாத ஊர் கேக்குறீங்க ஆன்ட்டி,
கைக்கு அடங்கின வாடகையும் கேக்குறீங்க.
ரெண்டும் ஒரே வீட்டில் கிடைச்சா
நானே குடி போயிருக்க மாட்டேனா?"

இது மூன்றாவது சனிக்கிழமை.
ஸ்காட்பர்க்கில் கடல் தெரிந்தால் ஒன்பதாயிரம் ரேண்ட்,
தெரியாவிட்டால் எட்டு.
பெனிங்டனில் வேலிக்குள் வேலி.
வாசல் காவலாளி என் பையைப் பார்த்தான்,
பிறகு என்னை,
பிறகு மறுபடி பையை.
செசேலாவில் வாடகை சரிதான்;
சர்க்கரை ஆலையின் பாகு வாசம்
முந்தானையில் ஏறி வீடு வரை வந்தது.

என் கணக்கு சின்னது.
ஜேக்கப்ஸ் சட்டைத் தொழிற்சாலையில்
முப்பத்தொரு வருஷம், ஓவர்லாக் மெஷின்.
இழுத்து மூடியபோது கணக்குத் தீர்த்தார்கள்.
கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தேன்,
மேலங்கியை, அலமாரிச் சாவியை.
இடது காதுக்குள் ஓடும் மெஷினை மட்டும்
யாரும் திரும்பக் கேட்கவில்லை.

சாட்ஸ்வொர்த்தில் அது அவ்வளவாகத் தெரியாது.
மேல்வீட்டுப் பையனின் ஸ்பீக்கர்,
மின்சாரம் போனால் கீழ்வீட்டு ஜெனரேட்டர்,
வெள்ளி இரவானால் நாயுடு வீட்டுச் சண்டை.
மகள் ப்ரெனிஷா பெர்த்திலிருந்து சொல்கிறாள்:
இங்கே வாம்மா, தனி அறை இருக்கு.
எலி வளையானாலும் தனி வளை என்றேன்.
அவளுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை.
சத்தமில்லாத ஊர் பார்க்கிறேன் என்றேன்.
அது புரிந்தது.

காலையில் ஒரு வீடு காட்டினாள்.
கடலிலிருந்து தள்ளி, மேட்டில்,
நாலு பக்கமும் கரும்பு.
"இங்க கேளுங்க" என்று
முதன்முறையாக வாயை மூடினாள்.
கேட்டேன்.
ஊசி ஏறியது, இறங்கியது,
ஏறியது, இறங்கியது.
சுவர்களெல்லாம் காலர் தைத்தன.
என் வலது கை தன்பாட்டில்
இல்லாத துணியை முன்னால் தள்ளியது.
"என்னா அமைதி!" என்றாள் நோகுதூலா.
"வேண்டாம்" என்றேன்.
அவள் முகம் விழுந்துவிட்டது, பாவம்.

கடைசியாக ஹிபர்டீன்.
"இதைக் காட்டவே எனக்குக் கூச்சம்."
தண்டவாளத்தை ஒட்டி இரண்டு அறை.
வெள்ளம் வந்து போன பிறகு ரயில் இல்லை;
தண்டவாளத்தின் மேல் ஏதோ கொடி
ஊதா நிறத்தில் பூத்துப் படர்ந்திருக்கிறது.
குழாயில் தண்ணீர் வாரத்தில் மூன்று நாள்,
மற்ற நாளுக்குப் பச்சைத் தொட்டி.
கீல்கள் உப்பில் துருப்பிடித்து
ஒரு ஜன்னல் மூடாது, ஒன்று திறக்காது.
"அதைவிட, ராத்திரி பூரா கடல் கத்தும்.
முன்னால இருந்தவங்க நாலே மாசம்.
அதனாலதான் மூவாயிரத்து எண்ணூறு."

மூடாத ஜன்னலருகே நின்றேன்.
ஓரலை முழு உடம்போடு வந்து விழுந்தது.
அது எழுவதற்குள் அடுத்தது.
மெஷின் எங்கே என்று
காதைச் சாய்த்துத் தேடினேன்.
இன்னொன்று விழுந்தது.

ஒன்பது வயதில் இந்த வழி போயிருக்கிறேன்,
மீன் வேனின் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில்.
மணலில் நட்ட பலகையை அப்பா படித்தார்,
எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை,
வண்டியை நிறுத்தவுமில்லை.
அந்தப் பலகை இங்கேயா, அடுத்த ஊரிலா,
சரியாக நினைவில்லை.
இப்போது அங்கே ஒருவன் தூண்டில் போட்டுவிட்டு
சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"மூவாயிரத்து அறுநூறு" என்றேன்.
"ஆன்ட்டி, ஏற்கெனவே அடிமாட்டு விலை!"
"இந்த இரைச்சலுக்கா?
ராத்திரி மனுஷி தூங்க வேண்டாமா?"
வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
"என்ன? கேக்கல! கடல்! கடல் சார்!" என்று
கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

நான் முகத்தைச் சுளித்து
நெற்றியைப் பிடித்தபடி நின்றேன்,
சத்தமே தாங்காதவள் போல.